சரஸ்வதி குடியிருக்கும் அரண்மனை

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரிய கோவிலுக்குப் போய் அண்ணாந்து விமானத்தைப் பார்க்கிறார்கள். நந்தியைச் சுற்றி வருகிறார்கள். கடைத்தெருவில் குழந்தைக்கு ஒரு தலையாட்டிப் பொம்மையும், தங்களுக்கு ஒரு கதம்பமும் வாங்கிக்கொண்டு ரயிலேறி விடுகிறார்கள். நேரம் மிச்சமிருந்தால் அரண்மனைப் பக்கம் எட்டிப் பார்ப்பதும் உண்டு. அங்கேயும் தர்பார் மண்டபத்தையும் சிலைகளையும் பார்த்ததோடு சரி. அதே அரண்மனை வளாகத்தில் ஒரு புத்தகசாலை இருக்கிறது. "புத்தகம்தானே, நம் ஊரில் இல்லாததா?" என்று பெரும்பாலோர் திரும்பி விடுகிறார்கள்.

அடுத்த முறை நீங்கள் அப்படித் திரும்பி விடாதீர்கள். அது சாதாரணப் புத்தகசாலை அல்ல. சரஸ்வதி மகால் என்று அதற்குப் பெயர். பனை ஓலையிலும் காகிதத்திலும் கையால் எழுதிய சுவடிகள் மட்டும் ஐம்பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக அங்கே இருக்கின்றன. பெரும்பாலானவை சமஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, மராத்திச் சுவடிகளும் ஏராளம். அவை நம் கைக்கு வந்து சேர்ந்த கதை, வாராவாரம் நீங்கள் படிக்கும் தொடர்கதைகளுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. அதிலே சிறையிருந்த இளவரசன் உண்டு. ராஜ்யத்தை இழந்த ராஜா உண்டு. கும்பினியாரை எதிர்த்து வழக்காடிய விதவை ராணியும் உண்டு.

இருட்டறையில் ஒரு பிள்ளை

புத்தகசாலைக்கு வித்திட்டவர்கள் தஞ்சை நாயக்க மன்னர்கள். "சரஸ்வதி பண்டாரம்" என்று அதை அழைத்தார்கள். 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் தாமே கவி, சங்கீத வித்வான். 1670-களில் நாயக்கர் ஆட்சி முடிந்து மராட்டியர் வந்தார்கள். அரசர் குலம் மாறியதே தவிர, சரஸ்வதியை யாரும் வெளியேற்றவில்லை. வந்தவர்கள் இருந்த ஏடுகளைக் காப்பாற்றி, புதியவற்றையும் சேர்த்தார்கள்.

ஆனாலும் இன்று நாம் காணும் புத்தகசாலையை உண்டாக்கியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவர் இரண்டாம் சரபோஜி மகாராஜாதான். அவர் 1777-ல் பிறந்தவர். துளஜா மகாராஜாவுக்குப் பிள்ளையில்லை. 1787-ல் தாம் கண்மூடுவதற்குச் சற்று முன்பு இந்தச் சிறுவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அவர் போனதும் சிம்மாசனம் அமர்சிங் கைக்குப் போயிற்று. பிள்ளை அரண்மனைக்குள்ளேயே ஓர் அறையில் அடைபட்டான். வெளிச்சமில்லை, விளையாட்டில்லை, எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

துளஜா மகாராஜாவின் நம்பிக்கைக்குரியவராக இருந்த ஷ்வார்ட்ஸ் பாதிரியார் இதையறிந்து மனம் பொறுக்காமல் சென்னைக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். ஜெர்மனியிலே பிறந்து, தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழ் பேசியே கிழவரானவர் அவர். அவருடைய விடாமுயற்சியால் 1793-ல் சரபோஜியும், துளஜாவின் விதவை ராணிகளும் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கேதான் இளவரசருக்குப் படிப்புக் கிட்டியது. ஆங்கிலம் கற்றார், உலகம் உருண்டையாக இருப்பதைக் கற்றார், எதையும் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளக் கற்றார்.

பசித்தவனுக்குத்தானே சோற்றின் அருமை தெரியும்? எழுத்துக்காக ஏங்கிய அந்தப் பிள்ளை 1798-ல் அரசுகட்டில் ஏறியதும், வாழ்நாள் முழுவதும் புத்தகம் சேர்த்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ராஜ்யம் போயிற்று, புத்தகம் வந்தது

பட்டத்துக்கு வந்த மறு ஆண்டே ஓர் உடன்படிக்கை. அதன்படி தஞ்சைச் சீமையின் நிர்வாகம் முழுவதும் கும்பினியாருக்குப் போய்விட்டது. மகாராஜாவுக்குக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிலவருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. படையும் இல்லை, வரி வசூலும் இல்லை. இப்படி ஒரு நிலைமை ஏற்பட்டால் மற்ற ராஜாக்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வேட்டை, விருந்து, நாட்டியம்!

சரபோஜி வேறு வழி எடுத்தார். ஐரோப்பாவிலிருந்து புத்தகங்களை வரவழைத்தார். வைத்தியம், ரசாயனம், தாவர சாஸ்திரம், சங்கீதம், பூகோளம் என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. வந்ததை அலமாரியில் அடுக்கிப் பூட்டி வைக்கவில்லை, படித்தார். ஆயிரக்கணக்கான நூல்களில் அவருடைய ஆங்கிலக் கையெழுத்து இருக்கிறது. 1784-ல் வெளியான ஜான்சன் அகராதியையும், 1791-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான படங்கள் நிறைந்த பைபிளையும் அங்கே காணலாம். மனித முகங்களையும் மிருக முகங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு பிரெஞ்சுக்காரரான லெப்ரன் வரைந்த படங்களும் உண்டு. "இது யாரைப் போலிருக்கிறது?" என்று அவற்றின் எதிரே நின்று சிரிக்காத குடும்பம் இல்லை!

1826-ல் பிஷப் ஹீபர் தஞ்சைக்கு வந்து மகாராஜாவைச் சந்தித்தார். லவாய்சியர், லின்னேயஸ் என்று மேனாட்டு விஞ்ஞானிகளின் பெயர்கள் மகாராஜாவின் பேச்சில் சரளமாக வந்ததையும், ஷேக்ஸ்பியரைப் பற்றிக் கூட அவர் நல்ல அபிப்பிராயம் வைத்திருந்ததையும் கண்டு பிஷப் வியந்து எழுதி வைத்திருக்கிறார்.

மேல்நாட்டுப் புத்தகங்களோடு சரபோஜி நின்றுவிடவில்லை. 1820-ல் காசி யாத்திரை புறப்பட்டார். ஏறக்குறைய மூவாயிரம் பேர் கொண்ட பரிவாரம். யாத்திரை போகிறவர்கள் கங்கா ஜலம் கொண்டு வருவார்கள். மகாராஜா அதோடு சுவடிகளையும் கொண்டு வந்தார். விலைக்குக் கிடைத்ததை வாங்கினார். கிடைக்காததைப் பண்டிதர்களைக் கொண்டு பிரதி எடுக்கச் செய்தார்.

தஞ்சையில் சொந்தமாக ஓர் அச்சுக்கூடமும் நடத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தேவநாகரி எழுத்தில் அங்கே புத்தகம் அச்சாயிற்று. அப்படி வெளிவந்தவற்றில் ஒன்று என்ன தெரியுமா? நம் குழந்தைகள் இன்றும் கேட்டு மகிழும் ஈசாப் கதைகள், மராத்தி மொழியிலே!

சமையலும் குறியும் கண் வைத்தியமும்

"ஓலைச்சுவடி என்றால் வேதாந்தமும் வியாகரணமுமாகத்தான் இருக்கும், நமக்கென்ன அதில்?" என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

அரண்மனைச் சமையலறைக்கென்றே ஒரு நூல் இருக்கிறது. "சரபேந்திர பாகசாஸ்திரம்" என்று பெயர். அரண்மனையில் என்னென்ன சமைத்தார்கள், எப்படிச் சமைத்தார்கள் என்பதையெல்லாம் மராத்தியில் எழுதி வைத்திருக்கிறார்கள். மரக்கறியும் உண்டு, மாமிசமும் உண்டு. துரைமார்களின் சமையலையும் விட்டுவிடவில்லை. மகாராஜாவின் பெயரால் வைத்திய நூல்களும் இருக்கின்றன. இவற்றில் பலவற்றைப் புத்தகசாலையே அச்சிட்டு வெளியிட்டிருக்கிறது.

கண் வைத்தியத்தில் சரபோஜிக்குத் தனி ஈடுபாடு. சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு என்ன நோய், என்ன மருந்து, எப்படிக் குணமாயிற்று என்று குறித்து வைத்து, கண்ணின் தோற்றத்தை வர்ணப் படமாகவும் எழுதச் செய்தார். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஓர் ஏழையின் நோயுற்ற கண் அந்தப் படத்திலிருந்து இன்றும் நம்மைப் பார்க்கிறது. இக்காலத்துக் கண் டாக்டர்கள் இந்தக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று, "தேவேந்திரக் குறவஞ்சி." சரபோஜியே மராத்தியில் இயற்றிய நாடகம். குறவஞ்சி என்றால் குறத்தி வந்து தலைவியின் கையைப் பார்த்து, "உன் நாயகன் வருவான்" என்று குறி சொல்வாள், இல்லையா? இந்தக் குறத்தி தேவேந்திரனின் மனைவி இந்திராணிக்கு எதைச் சொல்கிறாள் தெரியுமா? பூகோளம்! எந்தக் கண்டம் எங்கே இருக்கிறது, அதில் என்னென்ன தேசங்கள் இருக்கின்றன என்று பாட்டாகப் பாடிக்கொண்டே போகிறாள். பாடம் என்றால் ஓடுகிற பிள்ளைகளைக் கதையும் பாட்டும் காட்டி இழுத்து உட்கார வைக்கும் உபாயம் மகாராஜாவுக்குத் தெரிந்திருந்தது.

எழுதிய பெண்மணிகள்

தஞ்சை அரண்மனையில் ஏட்டையும் எழுத்தாணியையும் எடுத்தவர்கள் ஆண்கள் மட்டுமல்ல. ரகுநாத நாயக்கர் சபையில் ராமபத்ராம்பா என்ற பெண்மணி இருந்தார். மன்னரின் சரித்திரத்தை "ரகுநாதாப்யுதயம்" என்று பன்னிரண்டு சர்க்கங்களில் சமஸ்கிருத காவியமாகப் பாடினார். அரண்மனைப் பெண்கள் பல மொழிகளில் கவி பாடியதையும் அதிலே சொல்கிறார். 1934-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அதை அச்சிட்டது. அவருக்கு அடுத்த தலைமுறையில், விஜயராகவ நாயக்கர் காலத்தில், ரங்காஜம்மா தெலுங்கில் காவியமும் யட்சகானமும் எழுதினார்.

மராட்டியர் காலத்தில், பிரதாபசிம்ம மகாராஜா சபையில் விளங்கியவர் முத்துப்பழனி. அவர் தெலுங்கில் எழுதிய "ராதிகா சாந்துவனம்" பட்ட பாடு தனிக் கதை. 1910-ல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அதைத் திருத்தமாக அச்சிட்டு வெளியிட்டார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குக் கோவில் எழுப்பினாரே, அதே நாகரத்தினம்மாள்தான். சிருங்காரம் மிகுதி என்று சொல்லி வெள்ளைக்கார சர்க்கார் அந்தப் புத்தகத்துக்குத் தடை விதித்தது. சுதந்திரம் வந்த 1947-ல்தான், பிரகாசம் அவர்களின் முயற்சியால் அந்தத் தடை நீங்கியது. ஒரு பெண் எழுதியதை இன்னொரு பெண் தேடிப் பிடித்து, நாலு பேர் பழிப்பதைப் பொருட்படுத்தாமல் காப்பாற்றியிருக்கிறாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ராணி தொடுத்த வழக்கு

சரபோஜி 1832-ல் காலமானார். அவருக்குப் பின் வந்த சிவாஜி மகாராஜா 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் மறைந்தார். கும்பினியார் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தானே! தஞ்சை ராஜ்யம் இனி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதோடு விட்டார்களா? 1856 அக்டோபரில் சிப்பாய்களுடன் அரண்மனைக்குள் புகுந்து, ராஜாவின் சொந்தச் சொத்துக்கள் உள்பட எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்தார்கள். புத்தகசாலையும் அந்த அரண்மனைக்குள்ளேதான் இருந்தது.

வேறு இடங்களில் இப்படிப் பறிபோனவை என்ன ஆயின என்பது நமக்குத் தெரியும். நகைகள் ஏலத்துக்கு வந்தன. அபூர்வமான சாமான்கள் கப்பலேறின. தஞ்சைச் சுவடிகளுக்கும் அந்தக் கதி நேர்ந்திருக்கலாம்.

அப்போது மூத்த ராணி காமாட்சி பாயி சாகேப் ஒரு காரியம் செய்தார். அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. "ராஜ்யம் உங்களுக்கு என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், என் கணவரின் சொந்தச் சொத்து எனக்குச் சேரவேண்டும்" என்ற முறையில் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் கும்பினியார் மீது வழக்குப் போட்டார்! ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற வக்கீல் துரை ராணியின் பக்கம் வாதாடினார். சென்னைக் கோர்ட்டில் ராணிக்கே ஜயம்.

கும்பினியார் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்தார்கள். 1859-ல் அங்கே தீர்ப்பு மாறியது. "இது சர்க்கார் தன் அதிகாரத்தால் செய்த ராஜரிகக் காரியம், நியாயமோ அநியாயமோ, கோர்ட்டு இதில் தலையிட முடியாது" என்ற கருத்தில் நீதிபதிகள் முடிவு சொல்லிவிட்டார்கள். சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

ராணி தோற்றாரா? காகிதத்தில் தோற்றார். ஆனால் வழக்கு கிளப்பிய பேச்சு ஓயவில்லை. 1862-ல் சர்க்கார் இறங்கி வந்து, சொத்துக்களை ராஜகுடும்பத்துப் பெண்களிடமே திருப்பிக் கொடுத்தது. ஏடுகள் தஞ்சையிலேயே தங்கின.

அதன் பிறகு அங்கே என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க வந்தவர் பர்னெல் துரை. அவர் தஞ்சையில் ஜில்லா ஜட்ஜ். பகலில் கோர்ட்டு வேலை. மற்ற நேரமெல்லாம் சுவடி வேலை. கிரந்தம், நாகரி, தெலுங்கு என்று பல லிபிகளில் இருந்த ஆயிரக்கணக்கான சமஸ்கிருதச் சுவடிகளைப் பார்த்து, வகை பிரித்துப் பட்டியல் தயாரித்தார். 1880-ல் லண்டனில் அது அச்சாயிற்று. உடல் நலிந்திருந்த அந்த மனிதர் இரண்டே ஆண்டில், நாற்பத்திரண்டாவது வயதில் காலமாகிவிட்டார். அவருடைய பட்டியல்தான் இப்படி ஒரு பொக்கிஷம் தஞ்சையில் இருப்பதை உலகத்து அறிஞர்களுக்குத் தெரிவித்தது.

1918 அக்டோபர் 5-ந் தேதி சரஸ்வதி மகால் பொதுச் சொத்தாயிற்று. ராஜகுடும்பத்தார் ஏடுகளையும் புத்தகங்களையும் கொடுத்ததோடு, பராமரிப்புக்காக ஒரு லட்ச ரூபாயும் கொடுத்தார்கள். ஒரு ராஜா மட்டும் திறந்து பார்த்த கதவு நம் எல்லோருக்கும் திறந்தது.

ராமபாணமும் அஞ்சறைப் பெட்டியும்

ராணி கும்பினியாரிடமிருந்து காப்பாற்றினார், சரிதான். பூச்சியிடமிருந்து யார் காப்பாற்றுவது?

பனை ஓலை என்றென்றும் இருக்கும் பொருள் அல்ல. முற்றிய பச்சையும் இல்லாத, இளசும் இல்லாத ஓலையாகப் பார்த்து எடுத்து, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பாக்கி, ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோப்பார்கள். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவார்கள். எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குக் கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால், கோடுகள் கறுத்துப் பளிச்சென்று தெரியும். புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். குறில் எது, நெடில் எது என்பதைப் படிக்கிறவரே இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். ஏடு படிப்பது என்பது அவ்வளவு லேசான வித்தையல்ல!

நன்றாக வைத்துக் காப்பாற்றினால் ஓலை முந்நூறு, நானூறு ஆண்டு தாங்கும். காப்பாற்றாவிட்டால் ராமபாணப் பூச்சி துளைத்துவிடும். அதற்குத் தமிழ்ப்பாட்டுத் தெரியாது, வைத்தியமும் தெரியாது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும்.

இதற்குச் சரஸ்வதி மகாலில் பரம்பரையாகக் கையாளும் மருந்து எது தெரியுமா? உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் பாதி இருக்கிறது! வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு இவற்றைப் பொடித்து, கற்பூரம் சேர்த்து, சின்னச் சின்னத் துணி முடிச்சாகக் கட்டிச் சுவடிகளுக்கிடையே வைக்கிறார்கள். வசம்பை நம் பாட்டிமார் "பிள்ளை வளர்ப்பான்" என்பார்கள். இங்கே அது ஏடு வளர்ப்பானாகவும் இருக்கிறது. வறண்டு முறுக்கிக்கொண்ட ஓலைக்குப் புல் தைலம் தடவுவார்கள். தலைக்கு எண்ணெய் வைப்பது போலத்தான். தைலம் பட்டால் ஓலை மறுபடி வளைந்து கொடுக்கும்.

இப்போது சுவடிகளைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் வேலையும் நடக்கிறது. இருந்தாலும் படத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. படிக்க ஆள் வேண்டும். அரண்மனைக் கணக்குகளும் கடிதங்களும் "மோடி" என்ற லிபியில் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. மராத்தியைக் கை எடுக்காமல் விரைவாக எழுதும் எழுத்து அது. மராத்தி தெரிந்தவர்களுக்கே அதைப் படிக்க வராது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கிப் பதிப்பித்திருக்கிறது. யாருக்கு என்ன சம்பளம், சத்திரத்தில் எத்தனை பேருக்குச் சாப்பாடு, கல்யாணத்துக்கு என்ன செலவு என்று அந்தக் காலத்து வாழ்க்கையே அந்த மூட்டைகளில் அடங்கிக் கிடக்கிறது. மீதியைப் படிக்க இளைஞர்களும் யுவதிகளும் அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டு வரவேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணில்

தஞ்சையில் ஏடுகள் பிழைத்தன. எல்லா இடத்திலும் பிழைத்தன என்று எண்ணிவிடாதீர்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோவிலில் இருந்த ஏடுகளைத் தேடிக்கொண்டு உ. வே. சாமிநாதையர் போனார். பழைய ஏடுகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகப் பதில் கிடைத்தது. இன்னும் எத்தனையோ வீடுகளில், படிக்கத் தெரியாத ஏடு வீட்டில் இருக்கலாகாது என்று ஆடிப் பதினெட்டில் ஆற்றோடு விட்டுவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, பக்தியோடுதான் செய்தார்கள். ஆனால் போனது போனதுதான்.

ஆகையால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய ஏட்டுக்கட்டு ஏதாவது கிடைத்தால், சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை அறையில் பூட்டிவிடாதீர்கள். ஆற்றிலும் விடாதீர்கள். பிரிக்க வராத ஓலையைப் பலவந்தமாகப் பிரிக்கவும் வேண்டாம். சுத்தமான துணியில் சுற்றி, நாலு துண்டு வசம்பைப் போட்டு வைத்து, சரஸ்வதி மகால் போன்ற ஒரு சுவடி நிலையத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஏடு மட்டுமல்ல, மாமியாரின் மாமியார் எழுதி வைத்த பிரசவ மருந்துக் குறிப்போ, கல்யாணச் செலவுக் கணக்கோ, பாட்டு நோட்டோ கிடைத்தாலும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். அரண்மனைச் சமையற் குறிப்பும் எழுதிய காலத்தில் வெறும் குறிப்புத்தான்; அதுதான் இன்று பொக்கிஷமாயிருக்கிறது.

தஞ்சாவூருக்குப் போனால் பெரிய கோவிலை அவசியம் பாருங்கள். தலையாட்டிப் பொம்மையும் வாங்குங்கள். அதன் பிறகு அரண்மனைக்குள் நுழைந்து, சரஸ்வதி மகால் காட்சிக்கூடத்திலும் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். கூடவே குழந்தைகளையும் அழைத்துப் போங்கள். லெப்ரன் படங்களைப் பார்த்து அவர்கள் சிரித்து முடித்ததும், பக்கத்தில் இருக்கும் ஓலைச்சுவடியைக் காட்டி, இருட்டறையில் இருந்த பிள்ளையின் கதையையும் வழக்காடிய ராணியின் கதையையும் சொல்லுங்கள்.